உயர்தரத்தில் எந்தப் பாடம்? பல்கலைக்கழக அனுமதியும் வழிகாட்டல் ஆலோசகரின் பணியும்

க.பொ.த. (சா/த) மாணவர்களுக்கான வழிகாட்டற் பாடம்

பாட நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
● வழிகாட்டல் ஆலோசகர் ஒருவர் மாணவருக்கு எவ்வகையில் உதவுகிறார் என்பதை விளக்குவீர்கள்.
● உயர்தரப் பாடத் தெரிவுக்கும் பல்கலைக்கழகப் பாடநெறிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டுவீர்கள்.
● இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு என்பவற்றை உதாரணம் தந்து விளக்குவீர்கள்.
● ஆலோசகரிடம் கேட்க வேண்டிய வினாக்களை நீங்களே தயாரிப்பீர்கள்.

1. அறிமுகம்

பல்கலைக்கழகம் பற்றி யோசிப்பது உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர் செய்யும் வேலை என்றே எம்மில் பலரும் எண்ணுகின்றோம். உண்மையில் சாதாரண தரப் பெறுபேறு கையில் கிடைத்து, உயர்தர வகுப்பில் சேர்வதற்குப் படிவம் நிரப்பும் அந்த ஓரிரு வாரங்களிலேயே பாதித் தீர்மானம் முடிந்து விடுகிறது. அப்போது நீங்கள் எழுதும் மூன்று பாடங்களின் பெயர்கள், இரண்டரை ஆண்டுகளின் பின் எந்தப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதை நிர்ணயிக்கின்றன.

கொழும்பிலுள்ள ஒரு மாணவனுக்கு இதைச் சொல்ல வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கலாம். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ உள்ள பல மாணவர்கள் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லப்போகின்றவர்கள். அவர்களுக்கு இந்த இடத்தில்தான் வழிகாட்டல் ஆலோசகர் தேவைப்படுகிறார்.

2. வழிகாட்டல் என்பது யாது?

ஆலோசகர் உங்களுக்காகத் தெரிவு செய்து தருபவர் அல்லர். தெரிவு செய்வதற்கு வேண்டிய சரியான தகவலை உரிய காலத்தில் தந்து, ஒவ்வொரு தெரிவும் எங்கே கொண்டு செல்லும் எனக் காட்டுபவரே நல்ல ஆலோசகர்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல்கலைக்கழகங்களே அனுமதி ஆலோசகர்களை நியமிக்கின்றன. அவர்கள் பாடசாலைகளுக்குச் சென்று மாணவரைச் சந்திப்பர். விண்ணப்பத்துடன் மாணவர் எழுதும் கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் என்பனவும் அங்கு கவனத்திற் கொள்ளப்படும். இலங்கையில் முறை வேறு. அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரிப் பட்டப் பாடநெறிகளுக்கான அனுமதியை, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிறது. பெறுபேறு, மாவட்டம், விண்ணப்பத்தில் எழுதிய விருப்ப ஒழுங்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு வருகிறது. எனவே இங்கு எந்த ஆலோசகராலும் உங்களுக்கு "இடம் எடுத்துத் தர" முடியாது. அவ்வாறு யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

3. முதற் பணி: பாடத் தெரிவு

ஆலோசகர் முதலில் உங்கள் சா/த பெறுபேற்றைப் பார்ப்பார். பொதுவாக முதல் மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் பெற்றவரே பாடசாலையில் உயர்தரம் கற்கத் தகுதி பெறுவர். இதற்கு மேலாக ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தகைமைகள் உண்டு.

உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வர்த்தகம், கலை, பொறியியல் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்பன பிரதான பிரிவுகளாகும். பிரிவைத் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரே பிரிவுக்குள்ளும் பாடச் சேர்க்கை மாறினால் வழி மாறும். பின்வரும் இரண்டு உதாரணங்களையும் கவனமாகப் படியுங்கள்.

உதாரணம் 1: உயிரியல் பிரிவில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் கற்றவர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். பௌதிகவியல் கடினம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் எவ்வளவு உயர்ந்த புள்ளி பெற்றாலும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. விவசாயம் சார்ந்த பாடநெறிகள் அவருக்குத் திறந்தே இருக்கும்.

உதாரணம் 2: பொறியியற் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுத்தவர் கணினி சார்ந்த சில பாடநெறிகளுக்குச் செல்லலாம். பொறியியலுக்குச் செல்ல முடியாது.

விவசாயம் தாழ்ந்தது, மருத்துவம் உயர்ந்தது என்று இங்கு சொல்லப்படவில்லை. வன்னி மண்ணுக்கு விவசாயப் பட்டதாரி எவ்வளவு தேவை என்பதை இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. தெரிந்துகொண்டு எடுத்தால் அது தெரிவு. நண்பன் எடுத்தான் என்றோ, பாடசாலையில் ஆசிரியர் இருந்த பாடம் இதுதான் என்றோ எடுத்துவிட்டு, பின்னர் வழி அடைபட்டதை அறிவதுதான் இழப்பு.

இன்னொன்றையும் மனதிற் கொள்க. சில பல்கலைக்கழகப் பாடநெறிகள் சா/த ஆங்கிலம், கணிதம் முதலிய பாடங்களிலும் குறித்த சித்தியைக் கேட்கின்றன. ஆகவே இப்போது நீங்கள் எழுதப்போகும் சா/த ஆங்கில வினாத்தாள், "உயர்தரம் போனால் தேவைப்படாது" என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றன்று. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் போன்ற பாடநெறிகள் ஆங்கில மொழி மூலமே நடைபெறுகின்றன என்பதையும் மறவாதீர்கள்.

4. இசட் புள்ளியை விளங்கிக் கொள்ளல்

2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொத்தப் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி பயன்படுகிறது. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறுபடும். கடினமான பாடத்தில் 65 பெறுவதும் இலகுவான பாடத்தில் 65 பெறுவதும் ஒன்றாகா. இந்த வேறுபாட்டைச் சமப்படுத்தவே இசட் புள்ளி வந்தது.

இசட் புள்ளி = (மாணவர் பெற்ற புள்ளி – அப்பாடத்தின் சராசரி) ÷ நியம விலகல்

நியம விலகல் என்பது, அப்பாடத்தை எழுதியவர்களின் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. பின்வருவது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு.

பாடம் 1: புள்ளி 65, சராசரி 50, நியம விலகல் 10. இசட் = 15 ÷ 10 = 1.5
பாடம் 2: புள்ளி 65, சராசரி 59, நியம விலகல் 12. இசட் = 6 ÷ 12 = 0.5
பாடம் 3: புள்ளி 62, சராசரி 50, நியம விலகல் 15. இசட் = 12 ÷ 15 = 0.8
மூன்றின் சராசரி = 2.8 ÷ 3 = 0.9333

முதலிரு பாடங்களிலும் ஒரே 65 புள்ளிதான். ஆயினும் முதற் பாடம் மூன்று மடங்கு பயன் தந்துள்ளது. இதிலிருந்து ஆலோசகர் எடுத்துக்காட்டும் பாடம் யாதெனில், "இலகுவான பாடம் எடுத்தால் புள்ளி கூடும்" என்ற எண்ணம் பிழையானது. எல்லோருக்கும் இலகுவான பாடத்தில் சராசரியும் உயரும். நீங்கள் மற்றவரைவிட நன்றாகச் செய்யக்கூடிய பாடமே உங்களுக்கு ஏற்ற பாடம்.

இசட் புள்ளி போட்டிக்கு உரியது. போட்டியில் நிற்பதற்கே ஓர் அடிப்படைத் தகைமை வேண்டும். அது, ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியும் பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் பெறுவதாகும். மூன்று முக்கிய பாடங்களில் மட்டும் மூழ்கி, பொதுப் பரீட்சையை அலட்சியம் செய்ய வேண்டாம்.

5. மாவட்ட ஒதுக்கீடு: "எங்களுக்குக் கோட்டா இருக்குத்தானே?"

1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் இலங்கையில் நடைமுறைக்கு வந்தன. தமிழ் மாணவரிடையே, சிறப்பாக யாழ்ப்பாணத்தில், அவை பெரும் மனக்கசப்பை உண்டாக்கின. வன்னியின் நிலையையும் இங்கு நோக்க வேண்டும். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. கிளிநொச்சி அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

இன்றைய முறையில், பெரும்பாலான பாடநெறிகளில் இடங்கள் பின்வருமாறு பகிரப்படுகின்றன.

● 40% வரை: அகில இலங்கைத் திறமை அடிப்படையில்
● 55%: மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி
● 5%: கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் இந்த 16இல் அடங்கும். சில பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை மட்டுமே கொள்ளப்படும். அவை எவை என்பது ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் இருக்கும்.

இனி, கோட்டா எவ்வளவு என்று நாமே கணித்துப் பார்ப்போம். ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டங்களுக்கு உரியவை 550. 2012 குடித்தொகை மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 203 இலட்சம். கிளிநொச்சியில் ஏறத்தாழ 113,500 பேர். முல்லைத்தீவில் 92,200 பேர். வவுனியாவில் 172,100 பேர். அந்த விகிதப்படி 550 இடங்களில் கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 3, முல்லைத்தீவுக்கு 2 அல்லது 3, வவுனியாவுக்கு 4 அல்லது 5 இடங்களே வரும். 5% ஒதுக்கீட்டிலும் 16 மாவட்டங்களுக்கும் சேர்த்து 50 இடங்கள்தாம்.

இப்போது விளங்குகிறதா? "வெட்டுப்புள்ளி குறைவு, எப்படியும் கிடைக்கும்" என்ற பேச்சை நம்பிப் படிப்பைத் தளர்த்தக்கூடாது. கோட்டா என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள். எங்கள் மாவட்டத்தில் ஓரிடம் மாறினாலும் அது ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றும்.

6. இரண்டாவது பணி: விண்ணப்பத்துக்கு உதவுதல்

உயர்தரப் பெறுபேறு வந்தபின் விண்ணப்பம் இணையவழியில் கோரப்படும். இந்தக் கட்டத்தில் ஆலோசகர் பின்வருவனவற்றைச் சரிபார்ப்பார்.

(அ) விருப்ப ஒழுங்கு: ஒரே பாடநெறியாயினும் பல்கலைக்கழகம் வேறானால் அது வேறு தெரிவாகும். நீங்கள் எழுதிய ஒழுங்கில், உங்கள் புள்ளி எட்டும் முதலாவது தெரிவுக்கே நீங்கள் எடுக்கப்படுவீர்கள். ஆகவே மெய்யாக விரும்புவதை மேலே எழுதுங்கள். முதலில் எழுதியது கிடைக்காவிட்டால் கீழே உள்ளவை கெட்டுப்போகா. அதேவேளை, போகவே மனமில்லாத பாடநெறியை இடையில் எழுதவும் கூடாது. இரண்டு மூன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது இன்னொரு பெருந்தவறு.

(ஆ) வெட்டுப்புள்ளி: கடந்த ஆண்டின் மாவட்ட வெட்டுப்புள்ளி ஒரு குறிகாட்டி மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் அது ஏறும், இறங்கும்.

(இ) செய்முறை, உளச்சார்புப் பரீட்சைகள்: சங்கீதம், நடனம், சித்திரம், கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்குத் தனிப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தல் தனியாக வரும். முடிவுத் திகதியும் வேறு. பண்ணிசை நன்றாகப் பாடும் மாணவி ஒருத்தி அறிவித்தலைக் காணாத ஒரே காரணத்தால் வாய்ப்பை இழக்கக்கூடாது அல்லவா?

(ஈ) மாவட்டம்: நீங்கள் எந்த மாவட்டத்துக்கு உரியவர் என்பது, உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் எவ்வளவு காலம் கற்றீர்கள் என்பதைக் கொண்டே முதன்மையாகத் தீர்மானிக்கப்படுகிறது. உயர்தரத்துக்கு யாழ்ப்பாணமோ கொழும்போ செல்ல எண்ணுவோர், செல்வதற்கு முன்பே கைநூலின் அவ்விதியை ஆலோசகருடன் சேர்ந்து படிக்க வேண்டும். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து ஐந்தாறு பாடசாலைகளில் படித்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் விடுகைப் பத்திரம் தேடுவதே பெரும் பாடாயிற்று. உங்கள் ஆவணங்களை இப்போதே ஒரு கோவையில் ஒழுங்காக வையுங்கள்.

(உ) பணம்: அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவருக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. வறிய மாணவருக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் உதவுநிதியும் உண்டு. வருமானச் சான்றுக்குக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே விசாரிக்கவும்.

7. யாரிடம் கேட்கலாம்?

● உங்கள் பாடசாலையின் தொழில் வழிகாட்டல் ஆசிரியர், உயர்தரப் பகுதித் தலைவர்
● வலயக் கல்விப் பணிமனையின் வழிகாட்டல் அலுவலர்
● பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் சார்பில் பணியாற்றும் உத்தியோகத்தர்
● பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் பிரிவுகள்
● உங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற அண்ணாமார், அக்காமார்

பல்கலைக்கழகம் இப்போது எமக்குத் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. பம்பைமடுவில் இருந்த வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் ஆகிய மூன்று பீடங்கள் அங்கு உள்ளன. பாடசாலை மூலம் அனுமதி பெற்று ஒருமுறை சென்று பாருங்கள்.

யார் எதைச் சொன்னாலும், இறுதி ஆதாரம் உரிய ஆண்டின் அனுமதிக் கைநூலே. அது தமிழிலும் வெளிவருகிறது. இப்பாடத்தில் உள்ளதையும் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் கைநூலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் பட்டம், வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் கண்டால், அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். முகவர் சிலருக்கு மாணவரைச் சேர்ப்பதற்குத் தரகுப் பணம் கிடைப்பதுண்டு. அவர்கள் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

8. வேறு வழிகள்

உயர்தரத்தில் சித்தியடைந்த எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. இதை மறைக்காமல் சொல்பவரே நேர்மையான ஆலோசகர். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியப் பயிற்சி தருகிறது. அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் தொழினுட்பத் துறைகளிற் பயிற்சி தருகிறது. தேசிய தொழிற் தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். எனவே மோட்டார்ப் பொறிமுறை படிக்கத் தொடங்கும் ஒருவரும் படிப்படியாகப் பட்டம் வரை செல்லலாம். தொழில் செய்துகொண்டே படிக்க விரும்புவோர்க்கு 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உண்டு. சா/த பெறுபேறு குறைந்தோர்க்கும் 13 ஆண்டுக் கல்வித் திட்டத்தின் தொழிற்றுறைப் பிரிவு சில பாடசாலைகளில் உள்ளது.

9. வகுப்பில் மாணவர் கேட்கும் வினாக்கள்

வினா: சேர், எனக்கு என்னவாக வரவேண்டும் என்று இன்னும் தெரியாது. ஆலோசகரிடம் போய் என்ன கேட்பது?
விடை: தெரியாது என்பதையே சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடம், புள்ளி வரும் பாடம், வீட்டு நிலை ஆகிய மூன்றையும் கூறினால், அதிக வழிகளைத் திறந்து வைக்கும் பாடச் சேர்க்கை எது என்று அவர் காட்டுவார்.

வினா: அம்மா வைத்தியம் என்கிறா. எனக்குக் கணிதந்தான் வரும். என்ன செய்வது?
விடை: அம்மாவையும் கூட்டிக்கொண்டு செல்லுங்கள். நீங்கள் சொன்னால் வாக்குவாதமாவது, பெறுபேற்றை முன்னால் வைத்து ஆசிரியர் சொன்னால் ஆலோசனையாகும்.

வினா: முதல் தடவை சரிவராவிட்டால்?
விடை: உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். ஆனால் பாடச் சேர்க்கையே பிழையென்றால், அதே பாடங்களைத் திரும்ப எழுதிப் பயனில்லை. அதனாற்றான் இப்போதே கேளுங்கள் என்கிறோம்.

10. பயிற்சி

பின்வரும் பந்தியை வாசித்து வினாக்களுக்கு விடை எழுதுக.

மல்லாவியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி சா/த பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் திறமைச் சித்தி பெற்றாள், ஆங்கிலத்தில் சித்தியடையவில்லை. மருத்துவராவது அவள் விருப்பம். தோழியர் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கின்றனர். தகப்பனார் அவளை உயர்தரத்துக்கு யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட எண்ணுகிறார்.

(1) தோழியரைப் பின்பற்றினால் அவளுக்கு நேரக்கூடிய இழப்பு யாது? (2 புள்ளிகள்)
(2) ஆங்கிலப் பெறுபேறு குறித்து ஆலோசகர் கூறக்கூடியது யாது? (2 புள்ளிகள்)
(3) யாழ்ப்பாணம் செல்லுமுன் தகப்பனார் அறிய வேண்டிய இரண்டு விடயங்களைத் தருக. (2 புள்ளிகள்)
(4) "ஆலோசகர் தெரிவு செய்பவர் அல்லர், தெரிவுக்கு உதவுபவர்." விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்

(1) பௌதிகவியல் இல்லாமையால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் தகைமையை இழப்பாள். இசட் புள்ளி உயர்வாக இருந்தாலும் பயனில்லை.
(2) சில பாடநெறிகள் சா/த ஆங்கிலச் சித்தியைக் கேட்கும்; மருத்துவம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படும். எனவே உயர்தரம் கற்கும்போதே மீண்டும் ஆங்கிலப் பாடத்துக்குத் தோற்றுதல் நன்று.
(3) பாடசாலை மாறுவதால் அனுமதிக்குரிய மாவட்டம் மாறுமா என்பது. விடுதி, பயணச் செலவு. (அவ்வூரிலேயே அப்பாடங்களுக்கு ஆசிரியர் உளரா என்பதையும் எழுதலாம்.)
(4) தகவல் தருதல், விளைவைக் காட்டுதல், பெற்றோருடன் பேசுதல், மாற்று வழி கூறுதல் ஆகிய நான்கையும் உதாரணத்துடன் எழுதுக. முடிவும் அதன் பொறுப்பும் மாணவருடையன என்று நிறைவு செய்க.

நினைவிற் கொள்க

● பல்கலைக்கழகத்துக்கான முதற் தெரிவு உயர்தரப் பாடத் தெரிவே.
● விரும்பும் பாடநெறியின் தகைமையை முதலில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிப் பாடத்தைத் தெரிக.
● மாவட்ட ஒதுக்கீடு சில இடங்கள் மட்டுமே. உழைப்புக்கு அது ஈடாகாது.
● கேள்விப்பட்டதைக் கைநூலில் சரிபார்க்க.

சா/த பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உங்களுக்குச் சில மாதங்கள் ஓய்வு கிடைக்கும். அதில் ஒரு நாளை ஒதுக்கி, வழிகாட்டல் ஆசிரியரைச் சந்தித்து, கைநூலில் உங்களுக்கு விருப்பமான மூன்று பாடநெறிகளின் தகைமைகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். உயர்தரப் படிவம் கைக்கு வரும்போது எந்த மூன்று பாடங்களை எழுதுவது என்று அந்தப் பக்கம் உங்களுக்குச் சொல்லும்.